ஓவியர் கண்ட யவன ஞானியர்

ஞானியரின் சொல் ஏட்டில் நிலைக்கும். அவர்தம் முகமோ மண்ணில் மறையும். சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகிய யவனப் பேரறிஞர் மூவரும் மறைந்து 1,800 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், இத்தாலிய நாட்டு ஓவியர் சிலர் அவர்களுக்கு மீண்டும் முகமும் உடலும் உடையும் அளித்தனர். அங்ஙனம் அளிக்கப் புகுந்தபொழுது அவ்வோவியர் முன்னும், அவர்களுக்குப் பொருள் உதவிய செல்வர் முன்னும், திருச்சபையார் முன்னும் ஒரு வினா எழுந்தது. கிறிஸ்துவை அறியாது வாழ்ந்து மறைந்த இவ்வறிஞரைக் கிறிஸ்தவ சமுதாயம் எவ்விடத்தில் அமர்த்துவது? காலடியிலா, வாயிற்புறத்திலா, அன்றி நடுக்கூடத்திலா? இவ்வினாவிற்கு நூலாசிரியர் ஏட்டில் விடை எழுதினர். ஓவியர் சுவரில் விடை எழுதினர். சுவரில் எழுதிய அவ்விடையை ஒருவாறு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுமலர்ச்சிக் காலத்திற்கு முன்னரும் யவன ஞானியர் கிறிஸ்தவக் கலையில் இடம் பெறாமல் இல்லை. பிரான்சு தேசத்தில் சார்த்தர் நகரத்துப் பேராலயத்தின் மேற்கு வாயிலில், 12-ஆம் நூற்றாண்டின் இடையிலே செதுக்கப்பட்ட சிற்பங்களில் எழுகலைகளும் ஏழு பெண் வடிவங்களாக அமைந்துள்ளன. மணிகளைத் தட்டி ஒலியெழுப்பும் இசையணங்கின் கீழே, குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பித்தாகரஸ் என்பர். அவர் அங்கே ஒரு தனி மனிதராக வரவில்லை. ஒரு கலையின் அடையாளமாகவே வந்துள்ளார். வாயிற்புறத்தில் அமர்ந்து, உள்ளே செல்வோர்க்கு வழிகாட்டும் ஊழியர் நிலையே அவருக்குக் கிடைத்தது எனலாம்.

இத்தாலியில் டொமினிக்கு சபையாரின் ஆலயங்களில் வேறொரு முறை வழங்கிற்று. அச்சபையின் பெருமகனாகிய அக்குவினாஸ் தோமையார் நடுவில் வீற்றிருப்பார். பிளாரன்சு நகரத்து சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தை அடுத்த மண்டபத்தில் அந்திரேயா என்னும் ஓவியர் 1365-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டிய சுவரோவியத்தில், தோமையாரின் அடியில் மூவர் தோல்வியுற்று ஒடுங்கி அமர்ந்திருக்கின்றனர். அவருள் ஒருவர் அவெரோயிஸ். இவர் யவனர் அல்லர். ஸ்பெயின் தேசத்துக் கொர்தோவா நகரில் 1126-இல் பிறந்த முஸ்லீம் அறிஞர். அரபியில் இபுனு ருஷ்து எனப்படுபவர். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு இவர் இயற்றிய பேருரைகளே ஐரோப்பியக் கல்விச் சாலைகளில் நெடுங்காலம் வழங்கின. உரையாசிரியர் என்ற பொதுப்பெயர் கூறினாலே அங்கே இவரைத்தான் குறிக்கும். அத்தகையவரைக் காலடியில் அமர்த்தியது, அவர்தம் கொள்கை சிலவற்றைத் திருச்சபை மறுத்தது என்பதைக் காட்டுதற்கேயாம்.

இதனினும் தெளிவாக அமைந்தது, பெனோஸோ கொஸோலி என்பார் 1470-ஐ ஒட்டித் தீட்டியதும், இப்பொழுது பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் உள்ளதுமான படமாகும். அதில் தோமையாரின் ஒரு பக்கத்தில் அரிஸ்டாட்டிலும் மறுபக்கத்தில் பிளேட்டோவும் மரியாதையுடன் நிற்கின்றனர். காலடியில் ஒருவர் நூலுடன் வீழ்ந்து கிடக்கின்றார். அவரை அவெரோயிஸ் என்று கூறுவது மரபு. யவன ஞானியர் இருவரும் தாழ்த்தப்படவில்லை. ஆயினும் தமக்கென அவர்கள் அங்கு நிற்கவும் இல்லை. ஆசிரியர் ஒருவருக்குச் சான்று கூற வந்தவராகவே நிற்கின்றனர். இப்படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இந்நிலை எவ்வாறு மாறியது? முதற்கண் நூல்கள் வந்தன. யவன ஞானியர் பலரின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து டயோஜனீஸ் லயெர்ஷியஸ் என்பார் கிரேக்க மொழியில் இயற்றிய நூலை, அம்புரோசியோ திரவெர்சாரி என்னும் துறவி 1433-இல் இலத்தீனில் மொழிபெயர்த்து முடித்தார். கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் ஒன்றுபடுவது குறித்துப் பெராராவிலும் பிளாரன்சிலும் 1438, 1439 ஆகிய ஆண்டுகளில் கூடிய சங்கத்திற்குக் கிரேக்க அறிஞர் பலர் வந்தனர். அவருள் ஒருவரான பிளேத்தோன், பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் உள்ள வேறுபாடுகளை இத்தாலியருக்கு எடுத்துரைத்தார். 1453-இல் கான்ஸ்தாந்திநோபிள் துருக்கியர் கைப்பட்டது. கிரேக்க அறிஞர் மேலும் பலர் மேற்கே குடிபுகுந்தனர். மார்சிலியோ பிசீனோ என்பார் பிளேட்டோவின் நூல்கள் அனைத்தையும் இலத்தீனில் பெயர்த்து 1484-இல் அச்சேற்றினார். வெனிஸ் நகரத்து ஆல்டஸ் அச்சகம் அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கிரேக்க மூலத்திலேயே 1495 முதல் 1498 வரை வெளியிட்டது. கேள்வியளவில் அறியப்பட்டவர்கள் இவ்வாறு நேரிற் பேசத் தொடங்கினர். பேசுகின்றவரின் முகத்தைக் காண விரும்புவது மக்கள் இயல்பன்றோ?

ஆயின் அம்முகங்களைக் காண்பதற்கு வழி குறைவாகவே இருந்தது. சாக்ரட்டீஸின் தட்டை மூக்கையும், பருத்த உதடுகளையும், பிதுங்கிய விழிகளையும் அவர்தம் மாணாக்கரே எழுதிவைத்துள்ளனர். ஆதலின் பழைய உரோமச் சிலைகளில் அவரை அடையாளம் காணுதல் எளிதாயிற்று. மற்றையோர்க்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. பழங்காலத்துப் பெருமக்களின் உருவங்களைச் சிலைகளிலும் நாணயங்களிலும் ஆராய்ந்து புல்வியோ ஓர்சினி என்பார் நூல் வெளியிட்டது 1570-இல் தான். அதற்கு முன் எழுந்த ஓவியங்களிலெல்லாம் ஞானியரின் முகம் பெரும்பாலும் ஓவியரின் கருத்திலிருந்து பிறந்ததே. எனவே, முகம் உண்மையா என்று வினவுதலினும், இம்முகத்தை ஏன் அளித்தனர் என்று வினவுதலே தக்கதாகும்.

இவ்வினாவிற்கு விடையாக அமையும் படங்கள் சிலவற்றைக் காண்போம். உர்பினோ நகரத்துச் சிற்றரசராகிய பெடரிகோ தமது அரண்மனையில் ஒரு சிறு படிப்பறை அமைத்தார். அதன் சுவர்களில் 1470-ஐ அடுத்த சில ஆண்டுகளில் 28 பெருமக்களின் உருவங்கள் வைக்கப்பட்டன. மோசேயும் சாலொமோனும் அகுஸ்தீனும் இருக்கும் அதே அறையில், பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் யூக்ளிடும் இருந்தனர். இன்று அவற்றுள் 14 படங்கள் உர்பினோவிலும் 14 படங்கள் லூவரிலும் உள்ளன. கற்பார் ஒருவர் தனித்திருந்து படிக்கும் அறையில் ஞானியர் தோழராக வந்தமர்ந்தது ஒரு பெரிய மாற்றம் என்றே கூறவேண்டும். இவ்வுர்பினோ அரசவையில் தொண்டு புரிந்த ஓவியர் ஒருவரின் மைந்தரே, நாம் மேலே காணப்போகும் இராபேல் என்பது இங்கே குறிக்கத்தக்கது.

மிலான் நகரில், பின்னாளில் பெருஞ் சிற்பியாகப் புகழ்பெற்ற பிரமாந்தே, ஒரு செல்வர் மனையின் சுவரில் ஹெராக்ளிட்டஸ், டெமாக்ரிட்டஸ் என்னும் இருவரையும் தீட்டினார். இருவருக்கும் நடுவில் உலக உருண்டை ஒன்று உள்ளது. உலகத்தின் நிலையை நோக்கி முன்னவர் அழுகின்றார்; பின்னவர் நகைக்கின்றார். ஒரே உலகம், நோக்குவோர் இருவர், நோக்கு வேறு. இத்தகைய படம் ஒன்று பிசீனோ தம் மாணாக்கருடன் கூடும் இடத்திலும் இருந்ததென்பது அவர் எழுத்தாலேயே தெரிகிறது. பெருஜியா நகரத்தில் நாணயமாற்று வணிகர் தமது சங்க மண்டபத்தை அணிசெய்யுமாறு பெருஜீனோவை வேண்டினர். 1500-ஐ ஒட்டி முடிந்த அவ்வோவியத்தில், அறிவுடைமை, நீதி என்னும் நற்குணங்களின் கீழே சாக்ரட்டீஸ் நிற்கின்றார். காசு எண்ணும் கூடத்தில், காசு வாங்காது கற்பித்த ஒருவரை நிறுத்தியது எண்ணத்தக்கது. சியெனா நகரப் பேராலயத்தின் தளத்திலோ, பின்துரிக்கியோ 1505-இல் வரைந்து கொடுத்தபடி கல்லில் இழைத்த காட்சி ஒன்று உண்டு. கரடுமுரடான மலையின் உச்சியில் ஞானமங்கை வீற்றிருக்கின்றாள். அவள் ஒருபால் சாக்ரட்டீஸுக்கு வெற்றியின் அறிகுறியாகிய ஓலையை நீட்டுகின்றாள். மறுபால் கிரேட்டஸ் என்னும் ஞானி தம் அணிகலன்களைக் கடலில் கொட்டுகின்றார். ஆலயத்தில் வழிபட வருவோர் நடந்து செல்லும் தரையிலேயே இவ்விருவரும் இடம் பெற்றனர்.

இத்துணையும் சிற்றாறுகள் எனின், அவை அனைத்தும் சென்று கலக்கும் பேராறு ஒன்று உண்டு. அதுவே உரோமாபுரியில் வத்திக்கன் அரண்மனையின் ஓர் அறையில் இராபேல் தீட்டிய ஏதென்சுக் கழகம் என்னும் சுவரோவியமாகும்.

இராபேல் 1483-இல் பிறந்தவர். பெருஜீனோவின் முறையைப் பின்பற்றி வளர்ந்தவர். 1508-இல் உரோமாபுரிக்கு வந்தபொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் தமது மாளிகை அறைகளை அணிசெய்யும் பணியை அவரிடம் ஒப்புவித்தார். அவற்றுள் முதலாவதான அறை, பிற்காலத்தில் ஒரு நீதிமன்றம் கூடிய இடமாதலின் அதன் பெயரால் வழங்குகிறது. ஆனால் ஜூலியஸ் காலத்தில் அது அவர்தம் நூல்நிலையமாக இருந்தது என்பதே ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. நூல்களை நான்கு துறையாக வகுக்கும் அக்கால முறைக்கு ஏற்ப, நான்கு சுவர்களும் நான்கு துறைகளைக் குறிக்கின்றன. ஒன்று இறைநூல், ஒன்று மெய்ப்பொருள் நூல், ஒன்று கவிதை, ஒன்று நீதி நூல். மேல்விதானத்தில் ஒவ்வொன்றிற்கும் உரிய அணங்கு வீற்றிருக்கின்றாள். மெய்ப்பொருள் அணங்கின் கையில் இரண்டு நூல்கள் உள்ளன. ஒன்றில் இயற்கை என்றும், மற்றொன்றில் ஒழுக்கம் என்றும் பொருள்படும் இலத்தீன் சொற்கள் உள்ளன. அவள் பக்கத்துக் குழந்தைகள் தாங்கும் பலகைகளில், காரணங்களை அறிதல் என்னும் பொருளுடைய தொடர் காணப்படுகிறது. அவளுக்குக் கீழுள்ள சுவரே நாம் காணவேண்டுவது.

1509 முதல் 1511 வரையுள்ள காலத்தில் எழுந்த அச்சுவரில், உயர்ந்த வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் ஒரு பெருமண்டபத்தைக் காண்கிறோம். ஒருபுறம் யாழேந்திய அப்பல்லோவின் சிலை. மறுபுறம் கலைத்தெய்வமாகிய மினர்வாவின் சிலை. 1506-இல் அடிக்கல் நாட்டப்பெற்றுப் பிரமாந்தேயின் மேற்பார்வையில் எழுந்துகொண்டிருந்த புதிய அர்ச். பேதுரு ஆலயத்தின் சாயலை இம்மண்டபத்தில் பலரும் காண்பர். அகன்ற படிகளின் மீதும் கீழுமாக ஐம்பதின்மருக்கும் மேற்பட்டோர் கூட்டங் கூட்டமாக நின்றும் இருந்தும் சாய்ந்தும் உள்ளனர். எவர் தலைமீதும் பெயர் எழுதப்படவில்லை. செயலையும் கையிலுள்ள பொருளையும் கொண்டே அவர்களை நாம் அறிதல் வேண்டும்.

நடுவில், வளைவின் வழியாகத் தோன்றும் நீலவானத்தைப் பின்னணியாகக் கொண்டு இருவர் நடந்து வருகின்றனர். நரைத்த தாடியுடைய முதியவர் ஒரு விரலை வானோக்கி உயர்த்தியுள்ளார். அவர் கையில் உள்ள நூலின் மேல் திமேயு என்ற பெயர் தெரிகிறது. இவர் பிளேட்டோ. அவர் பக்கத்தே வருபவர் வயதில் இளையவர். கையை முன்னே நீட்டி, உள்ளங்கையைத் தரைநோக்கி விரித்துள்ளார். அவர் தாங்கிய நூல் எத்திக்கா எனப்படும் ஒழுக்க நூல். இவர் அரிஸ்டாட்டில். திமேயு என்பது உலகத் தோற்றத்தைக் கூறும் நூல். உலகை அமைத்தோன் அழியாத மூலவடிவங்களை நோக்கி, அவற்றிற்கேற்பக் காணும் உலகை அமைத்தான் என்பது அதன் கருத்து. ஆதலின் பிளேட்டோவின் விரல் காணப்படாத மேலுலகைச் சுட்டுகிறது. அரிஸ்டாட்டிலோ, நற்குணம் என்பது பழக்கத்தால் வருவது, மிகையும் குறையும் இன்றி நடுநிலையில் நிற்பது என்றவர். மக்கள் வாழும் இந்நிலத்தை அவர் கை சுட்டுகிறது. மேலும் கீழும் செல்லாது நடுவே நிற்கும் அக்கையில் அந்நடுநிலைக் கொள்கையையே காண்பாரும் உளர். மேல்விதானத்து அணங்கின் கையிலுள்ள இரு நூல்களும், இவ்விருவர் கையிலுள்ள இரு நூல்களும் ஒன்றற்கொன்று இணையாதலை நோக்குக. இயற்கை நூலைத் திமேயுவும், ஒழுக்க நூலை எத்திக்காவும் நிறைவு செய்கின்றன.

பிளேட்டோவின் பக்கத்தில் சற்று அப்பால் சாக்ரட்டீஸ் நிற்கின்றார். அந்தத் தட்டை மூக்கைக் கண்டதும் அவரைத் தெரிந்துகொள்ளலாம். எதிரே நிற்போரிடம் தம் கருத்துக்களை ஒன்று, இரண்டு என விரல்களால் எண்ணி எண்ணி வினவுகின்றார். கவசம் பூண்ட இளைஞன் ஒருவனும் அங்கே நின்று கேட்கின்றான். உண்ணுங் கிண்ணம் ஒன்றை அருகில் வைத்து, படிகளின் நடுவே அரைகுறை ஆடையுடன், எவரையும் பொருட்படுத்தாது சாய்ந்து கிடப்பவர் துறவியாகிய டயோஜனீஸ். ஏறுவோரும் இறங்குவோரும் அவரைச் சுற்றித்தான் செல்ல வேண்டும். வாழ்நாளிலும் அவர் உலகத்தாருக்கு அவ்வாறே இருந்தார்.

கீழே இடப்பக்கத்தில் பித்தாகரஸ் அமர்ந்து பெரிய ஏட்டில் எழுதுகின்றார். இளைஞன் ஒருவன் அவர்முன் ஒரு பலகையைப் பிடித்துள்ளான். அப்பலகையில் 6, 8, 9, 12 என்னும் எண்கள் உரோம எழுத்தில் உள்ளன; அவற்றைக் கோடுகள் இணைக்கின்றன. இஃது அணிக்காக இட்ட கோலமன்று. ஒரே தடிப்பும் ஒரே முறுக்கும் உடைய நரம்புகளில் ஒன்று 12 அளவும் மற்றொன்று 6 அளவும் நீளமிருந்தால், குறுகிய நரம்பு நீண்டதன் மேற்சட்சத்தை ஒலிக்கும். 12-க்கு 8 ஆனால் பஞ்சமம். 12-க்கு 9 ஆனால் சுத்த மத்திமம். அதாவது இசையின் இனிமை எண்களின் விகிதத்தில் அடங்கியுள்ளது. பலகையின் அடியில் ஒன்றும், இரண்டும், மூன்றும், நான்குமாகக் கோடுகளை அடுக்கி, அவற்றின் கூட்டுத்தொகை பத்து என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. இப்பத்தைப் பித்தாகரஸின் மாணாக்கர் நிறைவின் எண் எனப் போற்றினர். இவ்விகிதங்களையே உலக ஆன்மாவின் அமைப்பிற்கு அடிப்படையாகப் பிளேட்டோ திமேயுவில் எடுத்தாண்டார். மேலே நிற்பவர் கையிலுள்ள நூலின் விளக்கம் கீழே இருப்பவர் பலகையில் எழுதப்பட்டிருத்தல் காண்க.

வலப்பக்கத்தில், அரிஸ்டாட்டிலின் திசையில், வழுக்கைத் தலையர் ஒருவர் குனிந்து பலகையில் கவராயத்தால் வடிவம் வரைகின்றார். யூக்ளிட் என்பர், ஆர்க்கிமிடீஸ் என்பாரும் உளர். சூழ்ந்துள்ள மாணாக்கர் நால்வரின் முகங்களைக் கவனிக்க வேண்டும். ஒருவன் இன்னும் உற்று நோக்குகின்றான். ஒருவனுக்குப் பொருள் விளங்கத் தொடங்குகிறது. ஒருவன் விளங்கியதை மற்றவனுக்குக் காட்டுகின்றான். கற்றலின் படிகளை இதனினும் தெளிவாகத் தீட்டிய படம் அரிது. அவர்களுக்குப் பின்னே முடிசூடி, நிலவுருண்டையைத் தாங்கி நிற்பவர் வானூல் வல்ல தாலமி. எகிப்தை ஆண்ட தாலமி அரசரோடு இவரை ஒன்றாகக் கருதிய அக்காலப் பிழையே இவர் தலையில் முடியை ஏற்றியது. விண்மீன் உருண்டையைத் தாங்குபவர் பாரசீகத்து ஞானியாகிய ஜோராஸ்டர். அவ்விருவர் அருகே, ஓரத்தில், கறுப்புக் குல்லாய் அணிந்து நம்மையே நேராக நோக்கும் இளைஞர் வேறு எவருமல்லர், இராபேலே ஆவார்.

ஓவியர் ஒருவர் ஞானியர் அவையில் தமக்கு இடம் வைத்துக்கொண்டது சிறு செய்தியன்று. அதுவரை ஓவியம் கைத்தொழிலாகவே எண்ணப்பட்டது. எழுகலைகளுள் அதற்கு இடமில்லை. ஞானியர்க்கு அவர் அளித்த முகங்களிலும் இவ்வெண்ணமே மறைந்து நிற்கிறது. பிளேட்டோவின் முகம் லியனார்டோ டாவின்சியின் முகம் என்பர். யூக்ளிடின் வழுக்கைத் தலை பிரமாந்தேயின் தலை என்பர். படிகளின் கீழே, கல்லொன்றின் மீது சாய்ந்து, கன்னத்தில் கைவைத்துத் தனித்துச் சிந்திக்கும் ஹெராக்ளிட்டஸை மைக்கேல் ஆஞ்சலோ என்பர். இக்கடைசி உருவத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

சுவரோவியம் தீட்டும் முறையை அறிந்தால் அவ்வரலாறு விளங்கும். சுவரில் அன்றன்று தீட்டக்கூடிய அளவிற்கே சுண்ணச்சாந்தைப் பூசுவர். ஈரம் உலருமுன் நீரிற் குழைத்த வண்ணத்தை அதன்மேல் இடுவர். சுண்ணம் இறுகுங்கால் வண்ணமும் அதனோடு இறுகிக் கல்லாகும். பிழை நேர்ந்தால் சாந்தைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ஆதலின் உருவங்களை முன்கூட்டியே பெரிய தாளில் வரைந்து, கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டிச் சுவரில் இறக்குவர். ஏதென்சுக் கழகத்திற்காக இராபேல் வரைந்த அத்தகைய தாளோவியம் இன்றும் மிலான் நகரத்து அம்புரோசியன் நூல்நிலையத்தில் உள்ளது. அதன் நீளம் ஏறக்குறைய 8 மீட்டர். அதில் பிளேட்டோ உண்டு, அரிஸ்டாட்டில் உண்டு, டயோஜனீஸ் உண்டு, ஹெராக்ளிட்டஸ் இல்லை! சுவரை ஆராய்ந்தவர்களும், அவ்வுருவம் பின்னர்ப் புதிதாகப் பூசிய சாந்தின் மீது தீட்டப்பட்டது என்று கண்டனர். அந்நாளில் அண்மையிலேயே சிஸ்டைன் ஆலயத்து விதானத்தை மைக்கேல் ஆஞ்சலோ தீட்டிக்கொண்டிருந்தார். அதன் முற்பகுதி 1511 ஆகஸ்டில் மக்கள் காணத் திறக்கப்பட்டது. அதைக் கண்டு வியந்த இளைஞர் இராபேல், தமது படம் முடிந்த பின்னும் சாந்தைக் கொத்தி, தம் போட்டியாளரை ஞானியருள் ஒருவராக வைத்தார் என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. அஃது உண்மையாயின், அப்படத்திலுள்ள பேருள்ளங்களுள் தீட்டியவர் உள்ளமும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இனி, முன்னே நினைவில் வைக்குமாறு வேண்டிய படத்திற்கு வருவோம். பித்தாகரஸின் பின்னே, தலைப்பாகை அணிந்த ஒருவர் மார்பிற் கைவைத்துக் குனிந்து, எழுதப்படுவதைத் தோளின் மேலாக ஆவலுடன் எட்டிப் பார்க்கின்றார். அவரே அவெரோயிஸ் என்பர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொஸோலியின் படத்தில் காலடியிற் கிடந்தவர், இங்கே கற்போர் கூட்டத்தில் எழுந்து நிற்கின்றார். அவர்தம் கொள்கைகளைத் திருச்சபை ஏற்றுக்கொண்டதா எனில், இல்லை. மாறியது வேறு. ஒருவர் கூறிய விடை தவறாயினும், அவர் உண்மையைத் தேடினார் என்பதை மறுத்தல் தகாது என்ற எண்ணம் பிறந்தது. அதனையே இவ்வோவியம் காட்டுகிறது. காலத்தாலும் இவர்கள் ஒன்றுகூட இயலாதவர். பித்தாகரஸுக்கும் அவெரோயிஸுக்கும் இடையே 1,600 ஆண்டுகளுக்கு மேல் உண்டு. வரலாறு இதனைப் பிழை என்னும். நூல்நிலையமோ இதனைப் பிழை என்னாது. அங்கே அனைவரும் ஒரே அலமாரியில் ஒருங்கு நிற்கின்றனரன்றோ?

இவ்வறையின் பொருள் முழுதும் விளங்க வேண்டுமாயின், எதிர்ச்சுவரையும் திரும்பி நோக்குதல் வேண்டும். அங்கே இறைநூலின் காட்சி. மேலே முகிலின்மீது கிறிஸ்துநாதர் இரு கைகளையும் உயர்த்தித் தம் தழும்புகளைக் காட்டியவாறு வீற்றிருக்கின்றார். கீழே பலிபீடத்தைச் சூழத் திருச்சபையின் ஆசிரியர்கள் கூடியுள்ளனர். ஒரு சுவரில் தேடுவோர், மறுசுவரில் கண்டடைந்தோர். இரண்டும் ஒரே உயரம். ஒரே ஓவியரின் கை. காண்போர் நிற்பது இரண்டிற்கும் நடுவில். தேடுவோரின் சுவரை மறைத்துவிட்டுக் கண்டடைந்தோரின் சுவரை மட்டும் அவ்வறை காட்டவில்லை.

பின்வந்தோர் சிலருக்கு இது பொறுக்கவில்லை போலும். 1550-இல் ஜியார்ஜியோ கிஸி என்பார் இவ்வோவியத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி வெளியிட்டபொழுது, அப்போஸ்தலனாகிய பவுல் ஏதென்சு நகரத்தாரோடு வாதிட்ட காட்சி என்று அதன்கீழ் எழுதப்பட்டது. அதே ஆண்டில் ஓவியர் வரலாறுகளை வெளியிட்ட வசாரி, சுவிசேஷகராகிய மத்தேயுவும் இதில் இருப்பதாக எழுதினார். பாப்பரசரின் அறையில் ஒரு சுவர் முழுவதும் பிற சமயத்து ஞானியருக்கே விடப்பட்டது என்பதை அவர்களால் எண்ணவும் இயலவில்லை. 1695-இல் பெல்லோரி என்னும் அறிஞர் இவ்வறையின் ஓவியங்களை விரிவாக விளக்கி நூல் வெளியிட்ட பின்னரே அத்தவறு பெரும்பாலும் நீங்கிற்று. திமேயு, எத்திக்கா என்னும் இரு பெயர்களும் அவ்வளவு காலமும் சுவரிலேயே தெளிவாக இருந்தன. காண விரும்பாத கண்ணுக்கு எழுத்தும் தெரியாது போலும்!

இவ்வறையைப் புகழ்வோர் அதன் நிழலையும் மறத்தல் ஆகாது. இரண்டாம் ஜூலியஸ் அமைதியை விரும்பிய ஆயர் அல்லர், படைநடத்திப் போர்புரிந்தவர். தமது பெருமை விளங்கவும் இவ்வோவியங்களை எழுப்பினார். ஞானியர் அமைதியாக உரையாடும் அவ்வறையினுள், 1527-இல் உரோமாபுரியைச் சூறையாடிய படையினர் புகுந்தனர். அவருள் எவனோ ஒருவன் இறைநூற் காட்சியின் மேல் லூத்தரின் பெயரைக் கீறிச் சென்றான். அக்கீறல் பின்னாளில் சுவரில் காணப்பட்டது. சமயத்தின் பெயரால் எழுந்த பகைமை, ஓவியத்தின் உடன்பாட்டை மதிக்கவில்லை. உடன்பாட்டைச் சுவரில் தீட்டுதல் எளிது. மன்பதையில் தீட்டுதல் அரிது.

ஆயினும் அச்சுவர் காட்டும் உடன்பாடு எத்தகையது என்பதை நன்கு ஓர்தல் வேண்டும். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் அடிப்படையில் ஒன்றையே கூறினர் என்று காட்ட அந்நாளில் பலர் முயன்றனர். 1494-இல் இளமையிலேயே மறைந்த பிக்கோ டெல்லா மிராந்தோலா அவருள் ஒருவர். இராபேலின் கை அவ்வாறு எதனையும் பூசி மறைக்கவில்லை. ஒருவர் விரல் மேலே, ஒருவர் கை கீழே. வேற்றுமை அப்படியே நிற்கிறது. ஆனால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குகின்றனர். இருவர் காலும் ஒருங்கே முன்வருகின்றன. கருத்து ஒன்றாக வேண்டுமென்பதில்லை. எதிராளியின் முகத்தை நோக்கி உரையாடிக்கொண்டே ஒருவழி நடத்தல் இயலும் என்பதே அவ்விருவரின் நடை நமக்குக் கூறுவது.

நம் சமயத்தில் உறுதியுடைய மாணாக்கர் சிலர், அதற்குப் புறம்பான நூல்களைக் கற்பதால் உறுதி குலையுமோ என அஞ்சுவதுண்டு. வேறு சிலர், அவற்றைக் கற்றபின் சமயமே தேவையில்லை எனத் துணிவதுமுண்டு. வத்திக்கன் அறையில் நிற்பவருக்கு இவ்விரண்டும் வேண்டுவதில்லை. அவர் ஒரு சுவரை நோக்கிக் காரணங்களை ஆராயலாம். திரும்பி மறுசுவரை நோக்கி வணங்கலாம். திரும்புவதற்கு வேண்டுவது ஒரு கதவன்று, ஓரடியே. காலடியிலிருந்த ஞானியரை எழுப்பித் தம்முடன் சமமாக நிறுத்திய அவ்வோவியர், 37 வயதில், 1520-இல், மறைந்தார். அவர் ஞானியர்க்கு அளித்த முகங்கள் உண்மையானவை அல்ல எனினும், இன்றும் பிளேட்டோ என்றால் வானோக்கிய அவ்விரலும், அரிஸ்டாட்டில் என்றால் நிலம் நோக்கிய அக்கையுமே கற்றோர் நினைவில் முதற்கண் தோன்றுகின்றன.